அமெரிக்கக் கிராமப்புறக் கவுன்டியில் நிலம் வாங்கியிருக்கிறீர்களா? அரசு விவசாய உதவியும் நிலப் பாதுகாப்புப் பணமும் பெற முழுமையான வழிகாட்டி

டல்லாஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கம் வேலையில் இருக்கும் நம் ஆட்கள் பலர், ஊருக்கு வெளியே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப் பத்து, இருபது ஏக்கர் வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு வேலி போடுவது, புதர் வெட்டுவது, மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டுவது என்று எல்லாவற்றையும் கைக்காசில் செய்து முடித்துவிடுகிறார்கள். பிறகுதான் பக்கத்து ரான்ச்காரர் சொல்லித் தெரிகிறது, இதில் பாதி வேலைக்கு அரசாங்கம் பணம் தந்திருக்கும் என்று. அப்போது போய்க் கேட்டுப் பயனில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்தாவதற்கு முன் தொடங்கிய வேலைக்குப் பணம் கிடையாது. இந்த ஒரு விதியை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் திட்டங்களின் பட்டியலைத் தேடி, அதில் நமக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதுதான் எல்லோரும் எடுக்கும் வழி. அது தலைகீழான வழி. திட்டங்களின் பெயரும் தொகையும் காங்கிரஸ் சட்டம் போடும்போதெல்லாம் மாறும். உங்கள் நிலத்தில் மண் அரித்துப் போகிறது, ஓடைக்கரை இடிகிறது, புல் வளரவில்லை என்பது மாறாது. கவுன்டி அலுவலகத்துக்கு அந்தப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு போங்கள். திட்டத்தை அவர்கள் தேடித் தருவார்கள்.

இங்கே டெக்சஸை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். மத்திய அரசுத் திட்டங்களின் நடைமுறை பிற மாநிலங்களிலும் பெரும்பாலும் இதேதான்.

படி 1: யாரிடம் போவது?

அமெரிக்க வேளாண் துறைக்கு, அதாவது யு.எஸ்.டி.ஏ.வுக்கு, பெரும்பாலான கிராமப்புறக் கவுன்டிகளில் ‘சர்வீஸ் சென்டர்’ என்ற அலுவலகம் இருக்கிறது. உங்கள் கவுன்டியில் இல்லையென்றால் பக்கத்துக் கவுன்டி அலுவலகம் உங்களையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். ஃபார்மர்ஸ் டாட் கவ் தளத்தில் மாநிலத்தையும் கவுன்டியையும் கொடுத்தால் முகவரியும் தொலைபேசி எண்ணும் கிடைக்கும். நிலம் எந்தக் கவுன்டியில் இருக்கிறதோ அதைக் கொடுக்க வேண்டும், நீங்கள் குடியிருக்கும் கவுன்டியை அல்ல.

அந்த ஒரே கட்டடத்துக்குள் இரண்டு தனித்தனித் துறைகள் இருக்கும். ஒன்று எஃப்.எஸ்.ஏ., அதாவது பண்ணைச் சேவை அமைப்பு. பண்ணைப் பதிவேடு, கடன், இயற்கைப் பேரிடர் உதவி, நிலத்தைச் சாகுபடியிலிருந்து விலக்கி வைக்கும் சி.ஆர்.பி. திட்டம் எல்லாம் இவர்கள் கையில். இன்னொன்று என்.ஆர்.சி.எஸ்., அதாவது இயற்கை வளப் பாதுகாப்புத் துறை. மண், தண்ணீர், மேய்ச்சல் நிலம், காடு ஆகியவற்றைப் பாதுகாக்கத் தொழில்நுட்ப ஆலோசனையும் பணமும் தருவது இவர்கள். 1930களில் பெருஞ்சமவெளியின் மேல்மண் புழுதிப் புயலாகப் பறந்தபோது, ஹியூ ஹாமண்ட் பென்னட் என்ற மண் அறிவியலாளரின் விடாமுயற்சியால் 1935-ல் மண் பாதுகாப்புத் துறையாகத் தொடங்கியது இது. 1994-ல்தான் இப்போதைய பெயர் வந்தது. நிலத்துக்கு நேரில் வந்து இலவசமாக யோசனை சொல்வது இவர்களுடைய அன்றாட வேலை. பணம் எதுவும் கேட்காமல் யோசனை மட்டும்கூடக் கேட்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது, மண் மற்றும் நீர்ப் பாதுகாப்பு மாவட்டம். உள்ளூர் நில உரிமையாளர்களே இயக்குநர்களாக இருந்து நடத்தும் அமைப்பு. முதல் மாவட்டம் 1937-ல் வட கரோலினாவில் அமைந்தது. இன்று நாடு முழுவதும் சுமார் 3,000 இருக்கின்றன, டெக்சஸில் மட்டும் 216. இவர்களின் அலுவலகம் பெரும்பாலும் என்.ஆர்.சி.எஸ். பக்கத்திலேயே இருக்கும். விதைப்புக் கருவியைக் குறைந்த வாடகைக்குத் தருவது, மரக்கன்று விற்பது, மாநில அரசின் மானியத்தைப் பங்கிடுவது என்று இடத்துக்கு இடம் வேலை மாறும்.

பல்கலைக்கழகத்தின் எக்ஸ்டென்ஷன் அலுவலகம் இவற்றிலிருந்து வேறு. டெக்சஸில் அது டெக்சஸ் ஏ அண்ட் எம் அக்ரிலைஃப். பணம் தர மாட்டார்கள், ஆனால் எந்தப் புல் எந்த மண்ணில் வரும், மண் பரிசோதனைக்கு எப்படி மாதிரி எடுப்பது என்பதை இவர்களைவிட நன்றாகச் சொல்ல ஆளில்லை.

போவதற்கு முன் தொலைபேசியில் நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். 2025-ல் இந்த அலுவலகங்கள் பலவற்றில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். சொல்லாமல் போனால் உங்களுக்கு வேண்டிய ஆள் யாருடைய நிலத்திலோ நின்றுகொண்டிருப்பார்.

படி 2: விசா நிலையைப் பாருங்கள்

இந்தப் பகுதியை எச்-1பி விசாவில் இருப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். 1978-ல் வந்த அஃபிடா என்ற சட்டப்படி, குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத ஒருவர் விவசாய நிலம் வாங்கினால் 90 நாளுக்குள் எஃப்.எஸ்.ஏ.-153 படிவத்தைக் கவுன்டி எஃப்.எஸ்.ஏ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மொத்தம் பத்து ஏக்கருக்குக் கீழே இருந்து, அதிலிருந்து வரும் விளைபொருள் விற்பனையும் ஆண்டுக்கு 1,000 டாலரைத் தாண்டாவிட்டால் விலக்கு உண்டு. நிலம் விற்கும் ஏஜென்ட் இதைச் சொல்வார் என்று இருந்துவிடாதீர்கள். காலம் கடந்துவிட்டிருந்தால் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு உடனே தாக்கல் செய்வதே நல்லது.

உதவித்தொகை விஷயத்திலும் விசா குறுக்கே வரும். எஃப்.எஸ்.ஏ.வின் நேரடிக் கடனுக்குக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும் (அகதிகள் போன்ற சில பிரிவினருக்கும் இடம் உண்டு). மற்ற உதவித்தொகைகள் பலவற்றுக்கு, வெளிநாட்டவர் என்றால் நிலமும் முதலும் போட்டால் மட்டும் போதாது, உடலுழைப்பும் கணிசமாகத் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது. நேரில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

படி 3: பண்ணை எண் வாங்குங்கள்

எந்தத் திட்டமாக இருந்தாலும் கதவு இங்கேதான் திறக்கிறது. எஃப்.எஸ்.ஏ. கவுன்டருக்கு இவற்றைக் கொண்டு போங்கள்:

- பதிவான பத்திரத்தின் நகல், குத்தகை என்றால் குத்தகை ஒப்பந்தம்
- அடையாள அட்டை, சமூகப் பாதுகாப்பு எண்
- எல்.எல்.சி. அல்லது டிரஸ்ட் பெயரில் நிலம் இருந்தால் அதன் வரி எண், யார் யார் பங்குதாரர், யாருக்குக் கையெழுத்து அதிகாரம் என்று காட்டும் ஆவணங்கள்
- பணம் வர வேண்டிய வங்கிக் கணக்கு விவரம்

பத்திரத்தை வைத்துக் கணினியில் உங்கள் நிலத்தைத் தேடுவார்கள். பழைய உரிமையாளர் பதிந்திருந்தால் அதே நிலம் வேறு எண்ணில் ஏற்கெனவே இருக்கும், அதைப் பிரித்து உங்கள் பெயருக்கு மாற்றுவார்கள். கடைசியில் வானிலிருந்து எடுத்த படத்தின் மேல் எல்லைக்கோடு போட்ட ஒரு வரைபடத்தை அச்சிட்டுத் தருவார்கள். அதில் பண்ணை எண், டிராக்ட் எண், ஒவ்வொரு வயலுக்கும் ஒரு எண் என்று இருக்கும். எல்லை சரியாக இருக்கிறதா, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் துண்டும் சேர்ந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இந்தப் படத்தை வைத்துத்தான்.

அதே நாளில் இரண்டு படிவங்களை முடித்துவிடலாம். ஒன்று சி.சி.சி.-941, வருமானச் சான்று. மூன்று ஆண்டுச் சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டினால் பெரும்பாலான திட்டங்களில் இடமில்லை. இரண்டாவது ஏ.டி.-1026. இதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எளிதில் அரித்துப்போகும் நிலத்தில் பாதுகாப்புத் திட்டம் இல்லாமல் பயிர் வைக்க மாட்டேன், பயிர் வைப்பதற்காகச் சதுப்பு நிலத்தை வடிக்க மாட்டேன் என்று நீங்கள் கொடுக்கும் உறுதிமொழி அது. மரங்களை வேரோடு பிடுங்குவது, வாய்க்கால் வெட்டுவது, ஈரமான தாழ்நிலத்தை மண் போட்டு மேடாக்குவது எதுவானாலும் முதலில் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் டோசரைக் கூப்பிட வேண்டும். மீறினால் உதவித்தொகை எல்லாம் நின்றுவிடும்.

“பத்து ஏக்கர்தான் இருக்கிறது, இதையெல்லாம் பண்ணை என்பார்களா?” என்று பலர் தயங்குகிறார்கள். வேளாண் துறையின் புள்ளிவிவரக் கணக்கில், ஆண்டுக்கு 1,000 டாலருக்கு விளைபொருள் விற்றாலோ விற்கக்கூடிய அளவுக்கு விளைவித்தாலோ அது பண்ணை. ஏக்கர் கணக்கு கிடையாது.

நீங்கள் புதிதாக விவசாயத்துக்கு வந்தவர் என்றால் சி.சி.சி.-860 படிவத்தையும் கேட்டு வாங்குங்கள். பத்து ஆண்டுக்கு மேல் பண்ணை நடத்தாதவரைத் ‘தொடக்க விவசாயி’ என்று கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு நிறையச் சலுகை உண்டு. ஆனால் பண்ணையின் அன்றாட வேலையிலும் நிர்வாகத்திலும் நீங்களே ஈடுபட வேண்டும். எல்.எல்.சி. என்றால் எல்லா உறுப்பினர்களும் தகுதி பெற வேண்டும், ஊரில் நிலம் வைத்து நெடுங்காலம் விவசாயம் செய்த மாமனாரைப் பங்குதாரராகச் சேர்ப்பதற்கு முன் யோசியுங்கள். பழைய கட்டுரைகளில் சிறுபான்மை இனத்தவருக்குத் தனிச் சலுகை என்று படித்திருப்பீர்கள். இனத்தையும் பாலினத்தையும் வைத்துத் தரும் சலுகையை 2025 ஜூலையில் வேளாண் துறை கைவிட்டுவிட்டது. தொடக்க விவசாயிக்கான சலுகை அப்படியே இருக்கிறது.

படி 4: நிலத்தைப் படியுங்கள்

என்.ஆர்.சி.எஸ். ஆளைச் சந்திப்பதற்கு முன் ‘வெப் சாயில் சர்வே’ என்ற இலவசத் தளத்தில் உங்கள் எல்லையை வரைந்து பாருங்கள். எந்த வகை மண், எவ்வளவு சரிவு, வெள்ளம் வருமா, தண்ணீர் எவ்வளவு வேகமாக உள்ளிறங்கும் என்று விரிவாக வரும். அப்புறம் நல்ல மழை பெய்த மறுநாள் நிலத்தை முழுக்க நடந்து பாருங்கள். சரிவில் விரல் அகலத்துக்குச் சின்னச் சின்னக் கீறலாகத் தண்ணீர் மண்ணை அறுத்துக்கொண்டு போயிருக்கும். மாடு தண்ணீர் குடிக்க இறங்கும் இடத்தில் கரை மிதிபட்டுச் சேறாகிக் கிடக்கும். சீடார் மரங்கள் நெருக்கமாக நிற்கும் இடத்தில் அடியில் ஒரு புல்கூட இருக்காது. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, வரைபடத்தில் எந்த வயல் என்று குறித்துக்கொள்ளுங்கள். “ஏதாவது மானியம் இருக்கிறதா?” என்று கேட்பவருக்கு ஒரு துண்டறிக்கை கிடைக்கும். இந்தப் படங்களோடு போகிறவரின் நிலத்தைப் பார்க்க ஆள் வருவார்.

படி 5: ஈக்விப்பில் தொடங்குங்கள்

சின்ன நிலக்காரர்களுக்கு மிகவும் பயன்படுவது ஈக்விப் திட்டம்தான். குறுக்கு வேலி, தண்ணீர்க் குழாய், தொட்டி, புதர் அகற்றல், மேய்ச்சல் திட்டமிடல், மண்ணை மூடிக் காக்க விதைக்கும் மூடுபயிர், சொட்டுநீர், காய்கறி வளர்க்க ஹை டனல் என்ற பிளாஸ்டிக் கூடாரம் என்று ஏராளமான வேலைகளுக்கு இதில் பணம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் இருக்கிறது: வேலி 382, மூடுபயிர் 340, ஹை டனல் 325. எண்ணைச் சொல்லிக் கேட்டால் பேச்சு சட்டென்று விஷயத்துக்கு வந்துவிடும்.

மாடு ஓடைக்கரையைச் சிதைக்கிறது என்று சொன்னீர்கள் என்றால், திட்டமிடும் அதிகாரி மண்வெட்டியோடு வருவார். ஒரு பிடி மண்ணை வெட்டி எடுத்து உடைத்துப் பார்ப்பார், வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்ப்பார், எத்தனை மாடு, எந்த மாதத்தில் எங்கே மேய்கிறது என்று கேட்பார். வெறும் வேலி போட்டால் மாட்டுக்குத் தண்ணீர் இல்லாமல் போகும். அதனால் கரையோரம் வேலி, மேட்டில் தொட்டி, அதுவரை குழாய், மேய்ச்சலை மாற்றி மாற்றி விடும் அட்டவணை என்று நான்கும் சேர்ந்த ஒரு திட்டத்தை எழுதித் தருவார். பணம் கிடைக்காமல் போனாலும் இந்தத் திட்டம் உங்கள் கையில் இருக்கும். என்னைக் கேட்டால் ஈக்விப்பில் பணத்தைவிட இதுதான் பெரிய லாபம்.

விண்ணப்பம் சி.பி.ஏ.-1200 படிவம். கட்டணம் கிடையாது, எனவே பணம் வாங்கிக்கொண்டு “கிராண்ட் வாங்கித் தருகிறேன்” என்று வருபவர்களை நம்பாதீர்கள். ஆண்டு முழுக்க விண்ணப்பம் வாங்குவார்கள். ஆனால் ஒவ்வொரு மாநிலமும் ஒரு கடைசித் தேதி வைத்து, அதுவரை வந்தவற்றுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும். பல மாநிலங்களில் இது இலையுதிர் காலத்தில் வரும், அதனால் கோடையிலேயே தொடங்கிவிடுவது நல்லது. ஒரே வேலையைச் செய்வதைவிட ஒன்றோடொன்று சேர்ந்து பிரச்சினையை முழுசாகத் தீர்க்கும் திட்டத்துக்கு மதிப்பெண் கூடும்.

தேர்வானால் ஒப்பந்தம் வரும். இரு தரப்பும் கையெழுத்துப் போடும்வரை ஒரு கம்பம்கூட நடாதீர்கள். இரும்புக் கடையில் தள்ளுபடி போட்டிருக்கிறான் என்றாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பத்தின் தடிமன், கம்பிகளின் எண்ணிக்கை, குழாயைப் புதைக்கும் ஆழம் எல்லாம் அவர்கள் தரும் விவரக்குறிப்பில் இருக்கும். வேறு மாதிரி செய்தால், நீங்கள் செய்தது இன்னும் உறுதியானதாக இருந்தாலும், பணம் நிற்கலாம். மாற்ற வேண்டும் என்றால் செய்வதற்கு முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பணம் வேலை முடிந்து, அவர்கள் வந்து அளந்து பார்த்த பிறகே வரும். அடிக்கு இவ்வளவு, ஏக்கருக்கு இவ்வளவு என்று நிலையான தொகை. மதிப்பிட்ட செலவில் பொதுவாக 75 சதவீதம் வரை, தொடக்க விவசாயிக்கு 90 சதவீதம் வரை. கையில் காசு இல்லாத தொடக்க விவசாயி குறைந்தது 50 சதவீதத்தை முன்பணமாகவே கேட்கலாம், ஆனால் வாங்கிய 90 நாளுக்குள் செலவழிக்க வேண்டும். அடுத்த ஜனவரியில் அரசு தந்த பணத்தைக் காட்டும் 1099-ஜி என்ற வரிப் படிவம் வரும், உங்கள் வரிக் கணக்காளரிடம் முன்பே சொல்லிவையுங்கள். போட்ட வேலியை அதன் ஆயுட்காலம் முழுக்க, அதாவது 20 ஆண்டு, பராமரிக்கும் பொறுப்பும் இருக்கிறது. இடையில் நிலத்தை விற்பதானால் முதலில் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

நிலத்தை மாட்டுக்காரருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறீர்களா? அப்படியானால் பண்ணையை நடத்துபவர் அவர்தான். உங்கள் சம்மதத்தோடு அவரே விண்ணப்பிக்கலாம், குத்தகைக் காலம் ஒப்பந்தக் காலத்தையாவது எட்ட வேண்டும்.

படி 6: மற்றவற்றையும் கேட்டு வையுங்கள்

சி.எஸ்.பி. ஏற்கெனவே நிலத்தை நன்றாக வைத்திருப்பவர்களுக்கு. ஐந்தாண்டு ஒப்பந்தம், இன்னும் மேம்படுத்தினால் ஆண்டுதோறும் பணம்.

சி.ஆர்.பி. 1985-ல் வந்தது. பயிர் நிலத்தை 10 முதல் 15 ஆண்டு புல்லுக்கோ மரத்துக்கோ விட்டால் ஆண்டு வாடகை தருவார்கள். பணம் தானாக வருகிறதே என்று பலர் ஆசைப்படுவது இதற்குத்தான். ஆனால் வழக்கமான பிரிவில் அந்த நிலத்தில் முன்பு பயிர் செய்த வரலாறு வேண்டும், பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது நிலம் உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். நேற்று வாங்கிய மேய்ச்சல் நிலத்துக்கு இது பொருந்தாது.

ஈஸ்மென்ட் என்பது நிலத்தின் மேல் நிரந்தரமாகவோ 30 ஆண்டுக்கோ கட்டுப்பாடு ஏற்றுக்கொண்டு பணம் வாங்குவது. பிள்ளைகளையும் கட்டும் முடிவு, குடும்பத்தோடு பேசி, வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுத்தான்.

கடன் வேண்டுமென்றால் எஃப்.எஸ்.ஏ.வின் மைக்ரோலோன் 50,000 டாலர் வரை. வேறெங்கும் நியாயமான நிபந்தனையில் கடன் கிடைக்காதவர்களுக்கே அது. நல்ல ஐ.டி. சம்பளம் இருந்தால் வங்கிக்குப் போகச் சொல்வார்கள்.

வெண்டை, பாகல் மாதிரி உங்கள் கவுன்டியில் காப்பீடு விற்காத பயிர்களைப் போடுபவர்கள் என்.ஏ.பி. என்ற பயிரிழப்பு உதவித் திட்டம் பற்றிக் கேளுங்கள். அடிப்படைப் பாதுகாப்பில், விளைச்சலில் பாதிக்கு மேல் போனால், அந்தப் பாதியைத் தாண்டிய இழப்புக்குச் சராசரிச் சந்தை விலையில் 55 சதவீதம் தருவார்கள். பயிருக்கு 325 டாலர் கட்டணம், தொடக்க விவசாயிக்கு அதுவும் தள்ளுபடி. ஒவ்வொரு பயிருக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு, வறட்சி கண்ணுக்குத் தெரிந்த பிறகு சேர முடியாது.

டெக்சஸ்காரர்களுக்கு ஒன்று. நிலத்தைச் சந்தை விலைக்குப் பதில் விவசாய நிலமாக மதிப்பிடுவதால் சொத்து வரி குறைவது மானியம் இல்லைதான், ஆனால் ஆண்டுதோறும் மிச்சமாவது அதில்தான் அதிகம். அதைத் தருவது யு.எஸ்.டி.ஏ. அல்ல, கவுன்டி மதிப்பீட்டு அலுவலகம். ஏழு ஆண்டில் ஐந்து ஆண்டு விவசாயத்தில் இருந்த நிலமாக இருக்க வேண்டும், விண்ணப்பம் மே 1-க்கு முன் சேர வேண்டும். உரிமையாளர் மாறினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், பழையவர் வாங்கியது தானாகத் தொடராது. 5 முதல் 20 ஏக்கர் வரை தேனீ வளர்ப்பையும் விவசாயமாக ஏற்கிறார்கள். பின்னால் வீட்டு மனையாக்கினால் மூன்றாண்டு வரி வித்தியாசத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

படி 7: இல்லை என்று சொன்னால்

ஒவ்வொரு முறை போகும்போதும் ‘ரிசீட் ஃபார் சர்வீஸ்’ கேட்டு வாங்குங்கள். என்ன கேட்டீர்கள், என்ன பதில் சொன்னார்கள், எந்தத் தேதி என்று எழுதித் தருவது அவர்கள் கடமை. “இந்த ஆண்டு பணம் இல்லை” என்றால் விண்ணப்பத்தை அடுத்த சுற்றுக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். தகுதியே இல்லை என்று கடிதம் வந்தால் மேல்முறையீட்டு வழிகளும் அதிலேயே இருக்கும். வேளாண் துறைக்கென்று தனியாக நேஷனல் அப்பீல்ஸ் டிவிஷன் இருக்கிறது, 30 நாள் கெடு. கடிதத்தின் உறையையும் பத்திரப்படுத்துங்கள்.

பண்ணை எண் வாங்கிவிட்டீர்கள் என்றால் எஃப்.எஸ்.ஏ. கவுன்டிக் குழுத் தேர்தலிலும் உங்களுக்கு ஓட்டு வந்துவிடும். உங்கள் பகுதிக்குத் தேர்தல் வரும் ஆண்டில் நவம்பர் வாக்கில் தபாலில் சீட்டு வரும், பலர் விளம்பரக் காகிதம் என்று போட்டுவிடுகிறார்கள். என்.ஆர்.சி.எஸ்.ஸும் பாதுகாப்பு மாவட்டமும் சேர்ந்து நடத்தும் உள்ளூர் ஆலோசனைக் கூட்டமும் உண்டு. அடுத்த ஆண்டு இந்தக் கவுன்டியில் எந்தப் பிரச்சினைக்கு முன்னுரிமை என்று யோசனை கேட்பது அங்கேதான். பெரிய ரான்ச்காரர்கள் தவறாமல் வருவார்கள். ஐந்து ஏக்கரில் காய்கறி போடுகிறவர்கள் யாரும் வருவதில்லை, அதனால் ஹை டனலுக்கும் சொட்டுநீருக்கும் பேச ஆளிருப்பதில்லை. தேதியைப் பாதுகாப்பு மாவட்ட அலுவலகத்தில் கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.